புதுப்பிப்பு: கீழக்கரை கடை 486-இல் "மெமரி போதாது" தீர்ந்தது

மாமா கடையில் இருக்கிற பழைய 486 கணினியில் 8 எம்பி ரேம் இருந்தும் டாஸில் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) ஓடும் கணக்கு நிரல் "மெமரி போதாது" என்று நின்றுவிடுகிறதே என்று கேட்டிருந்தேன். எந்த நிரல் எவ்வளவு நினைவகம் பிடிக்கிறது என்று பட்டியலிடும் 'மெம் /சி' கட்டளையைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தோம்.

அந்த 8 எம்பியை நம்பிப் பயனில்லை. சாதாரண டாஸ் நிரலுக்கு முதல் 640 கேபிதான் வீடு. மெம் பட்டியலின் அடியில், ஓடக்கூடிய மிகப் பெரிய நிரலின் அளவைச் சொல்லும் வரியைத்தான் பார்க்க வேண்டும். எங்களுக்கு 478 கேபி. மேலே ஏறிப் பார்த்தால் சிடி டிரைவர், அதோடு சேர்ந்து ஓடும் எம்எஸ்சிடிஎக்ஸ், மவுஸ் டிரைவர் எல்லாம் கீழ் நினைவகத்திலேயே, அதாவது அந்த 640-க்குள்ளேயே, குடியிருக்கின்றன. அந்த சிடி டிரைவ் உப்புக்காற்றில் எப்போதோ செத்துப்போனது!

சிடி டிரைவர், எம்எஸ்சிடிஎக்ஸ் இரண்டையும் ஏற்றும் வரிகளை எடுத்துவிட்டேன். கணினி தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில், 640-க்கு மேலுள்ள நினைவகத்தைப் பயன்படுத்த வைக்கும் வரிகளைப் போட்டேன்: முதலில் ஹைமெம், அதற்குக் கீழே இஎம்எம்386 நோஇஎம்எஸ், பிறகு 'டாஸ்=ஹை,யூஎம்பி'. ஹைமெம், இஎம்எம்386 இரண்டின் வரிசை மாறக் கூடாது, ஹைமெம் இல்லாமல் இஎம்எம்386 ஏறாது. மவுஸ் டிரைவரை லோட்ஹை கட்டளை போட்டு 640-க்கு மேலே அனுப்பினேன். உங்கள் நிரல் எக்ஸ்பாண்டட் மெமரி (சில பழைய டாஸ் நிரல்கள் கேட்கும் கூடுதல் நினைவக வகை) கேட்டால் மட்டும் நோஇஎம்எஸ் வேண்டாம்.

இப்போது 604 கேபி. நிரல் திறக்கிறது, டாட் மேட்ரிக்ஸில் பில்லும் வருகிறது. "புதுசு வாங்கணும்னு எல்லாரும் சொன்னாய்ங்களே மாப்ளே" என்கிறார் மாமா.

ரேம் பழுதா என்று கேட்டவருக்கு: மெம் கணக்குத்தான் காட்டும், சில்லைச் சோதிக்காது.