புல்புல்லா, கடலட்டையா?

ஈசூன்வாசி: ஞாயிறன்று சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் வைக்கோல்தலை புல்புல் பறவை பாடியது, அப்புறம் அங்கேயே செக் ஜாவா கரையில் நீர் வற்றியபோது வெள்ளை அட்டை என்ற கடலட்டை கண்ணில் பட்டது. புல்புல், வெள்ளை அட்டை இரண்டில் எதற்கு ஆபத்து அதிகம்?

மண்வெட்டி: ஆபத்திலுள்ள உயிரினங்களின் உலகப் பட்டியலான IUCN சிவப்புப் பட்டியல்படி பறவைக்குத்தான். 2018இல் மிக ஆபத்தான நிலைக்கு ஏற்றிவிட்டார்கள். குரலுக்காகவே பிடித்துக் கூண்டில் அடைத்து அடைத்து, தாய்லாந்துக் காடுகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. வெள்ளை அட்டை ஒரு படி கீழே.

கடல்காகம்: படியை விடுங்கண்ணே. புல்புல் கூப்பிட்டு ஜோடியைத் தேடிக்கொள்ளும், அட்டைக்கு அந்த வசதி ஏது? ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் தண்ணீரில் விடுவதோடு சரி, பக்கத்தில் ஆளில்லை என்றால் எல்லாம் வீண். பிடிப்பதும் சுலபம், ஓடவா போகிறது!

ஈசூன்வாசி: சீனப் புத்தாண்டு விருந்தில் ஏதோ கடலட்டையை நானும் சாப்பிட்டேனே...