மூடும்போது முறியும் ஒலித்தொகுப்பி: என்ன சொல் வைக்கலாம்?

பொருள்: கலைச்சொல் – நிரலை மூடும்போது நேரும் முறிவு

அன்புடையீர், வணக்கம்.

கணினியிலேயே ஒலியை உருவாக்கும் ஒலித்தொகுப்பு (சிந்தசிஸ்) மென்பொருளின் பிழைதீர்ப்புப் பக்கத்தைத் தமிழாக்கும் வேலை ஒரே ஒரு தொடரில் வந்து முட்டி நிற்கிறது. நிரல் ஒழுங்காக ஓடுகிறது, ஒலி சுத்தமாக வருகிறது, 'மூடு' என்று அழுத்தியதும் பொத்தென்று விழுகிறது. ஆங்கிலத்தில் 'கிராஷ் ஆன் எக்ஸிட்' என்கிறார்கள். இதற்கு 'வெளியேற்றச் செயலிழப்பு' என்று இங்கே முன்மொழிந்திருக்கிறீர்கள். எனக்கு அதில் இரண்டு சொல்லும் உறுத்துகின்றன.

'வெளியேற்றம்' என்றால் யாரோ எதையோ வெளியே தள்ளுவது போல ஒலிக்கிறது. புகை வெளியேற்றம், கழிவுநீர் வெளியேற்றம் என்று பழகிவிட்ட காது. இது சின்னக் குறைதான், 'வெளியேறல்' என்று மாற்றினால் தீர்ந்துவிடும். பெரிய குறை 'செயலிழப்பு'. உறைந்துபோய் எந்தச் சொடுக்குக்கும் பதில் தராத நிரலையும் செயலிழந்துவிட்டது என்றுதானே சொல்கிறோம்? 'மூடும்போது செயலிழக்கிறது' என்று ஒருவர் வழு அறிக்கை எழுதினால், நிரல் மடிந்ததா, மடியாமல் அப்படியே நிற்கிறதா என்று தெரியாது. வழுநீக்குபவர் முதலில் கேட்கும் கேள்வியே அதுதான்.

ஆகவே மடிந்து விழுவது 'முறிவு', நின்றுபோவது 'உறைவு'. இந்த இரண்டையும் பிரித்து வைக்காமல் அடுத்த சொல்லுக்குப் போக முடியாது.

ஒலித்தொகுப்பில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. சூப்பர்கொலைடர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூன்றாம் பதிப்பிலிருந்து மொழியை இயக்கும் எஸ்சிலாங் தனி, ஒலியை உருவாக்கும் எஸ்சிசிந்த் தனி. இரண்டும் வெவ்வேறு செயல்முறைகள். எஸ்சிலாங் திடீரென முறிந்தால் எஸ்சிசிந்த் பின்னணியில் உயிரோடு இருந்துவிடலாம். அடுத்த முறை திறக்கும்போது 57110 என்ற அதன் வழக்கமான போர்ட் (கட்டளைகளை வாங்கும் வாயில் எண்) ஏற்கெனவே பிடிபட்டிருக்கும், புதிய எஸ்சிசிந்த் கிளம்பாது. பயனர் இதையும் 'கிராஷ்' என்றே எழுதுவார். ஆனால் இப்போது முறிந்தது எதுவும் இல்லை, போன முறை போகாமல் தங்கியது ஒன்று இருக்கிறது. இதற்கு 'எச்சம்' என்று வைக்கலாம். வினை முற்றாமல் நிற்பதை எச்சம் என்றுதானே இலக்கணமும் சொல்கிறது.

சரி, இனி முறிவுக்கு வருவோம். அது ஏன் மூடும்போது மட்டும் வருகிறது என்று பார்த்தால்தான் எந்தச் சொல் பொருந்தும் என்று தெரியும்.

ஒலித்தொகுப்பு நிரலில் ஆடியோவுக்கென்று ஓர் இழை (நிரலுக்குள் மற்ற வேலைகளோடு ஒரே நேரத்தில் ஓடும் ஒரு வேலைத்தொடர், 'திரெட்') ஓயாமல் ஓடுகிறது. மாதிரி வீதம் நொடிக்கு 48,000, ஒரு முறை நிரப்பும் ஒலித்துண்டு (பஃபர்) 64 ஃபிரேம் என்றால் சுமார் 1.33 மில்லிநொடிக்கு ஒரு முறை அந்த இழை வந்து 'அடுத்த துண்டைக் கொடு' என்று கேட்கும். 512 ஃபிரேம் என்றால் 10.67 மில்லிநொடி. முதன்மை இழை 'மூடு' என்ற கட்டளையைப் பெற்று, அலைகளை உண்டாக்கும் ஆசிலேட்டர்களையும் அலையின் வடிவத்தை வைத்திருக்கும் அட்டவணைகளையும் நினைவகத்திலிருந்து விடுவிக்கத் தொடங்குகிறது. ஆடியோ இழையிடம் யாரும் சொல்லவில்லை. அது வழக்கம்போல வந்து, இல்லாத அட்டவணையைப் படிக்கப் போகிறது. உட்கார்ந்திருப்பவரின் அடியிலிருந்து பாயை உருவுகிற கதைதான். சில நேரம் விழுவார், சில நேரம் அதற்குள் எழுந்திருப்பார். பத்து முறை மூடினால் இரண்டு முறை மட்டும் முறிவது இதனால்தான்.

ஆடியோ இழையில் பூட்டுப் போடக்கூடாது (பூட்டு என்பது ஓர் இழை முடிக்கும்வரை மற்றதைக் காக்க வைப்பது), நினைவகம் ஒதுக்கவோ விடுவிக்கவோ கூடாது என்பது இந்தத் துறையின் பாலபாடம். போட்டால் ஒலி விக்கும். அதனால், மற்ற நிரல்களில் ஒரு பூட்டு போட்டுத் தீர்க்கும் சிக்கலை இங்கே வரிசையால்தான் தீர்க்க வேண்டும். முதலில் ஸ்ட்ரீமை, அதாவது ஒலி ஓட்டத்தை, நிறுத்து. அது நின்றுவிட்டது என்று உறுதி செய். அப்புறம் மூடு. அதற்கும் பிறகுதான் நினைவகத்தில் கைவை.

ஃப்ளூயிட்சிந்த் என்ற ஒலித்தொகுப்பு நூலகம் (மற்ற நிரல்கள் எடுத்தாளும் நிரல்தொகுதி) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உருவாக்கும்போது முதலில் அமைப்புகள், அவற்றைக் கொண்டு சிந்த், சிந்தைக் கொண்டு, ஒலியை வெளியே அனுப்பும் ஆடியோ டிரைவர். அழிக்கும்போது முதலில் டிரைவர், அப்புறம் சிந்த், கடைசியில் அமைப்புகள். எது எதிலிருந்து பிறந்ததோ அது அதற்குள் திரும்பிப் போவது போல, நேர் தலைகீழ் வரிசை. சிந்தை முதலில் அழித்துவிட்டால் டிரைவரின் இழை காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

இந்த இடத்தில்தான் எனக்குச் சொல் கிடைத்தது: ஒடுக்கம். சைவ சித்தாந்தத்தில் தோற்றம், நிலை, ஒடுக்கம் என்று மூன்று. தோன்றியது தோன்றிய வரிசைக்கு எதிர்வரிசையில் தன் காரணத்தில் ஒடுங்குவது அங்கே ஒடுக்கம். நிரலாளர்கள் 'டியர்டவுன்' என்று சொல்வதும் இதுவேதான். வெறும் நிறுத்தமும் இல்லை, வெறும் அழிப்பும் இல்லை, வரிசையோடு கூடிய திரும்பல். ஆகவே அந்தக் கட்டம் 'ஒடுக்கம்', அந்தக் கட்டத்தில் முறிந்தால் 'ஒடுக்க முறிவு', நின்றுபோனால் 'ஒடுக்க உறைவு'. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்.

----------

மறு: கலைச்சொல் – நிரலை மூடும்போது நேரும் முறிவு

வணக்கம் ஐயா.

முறிவு, உறைவு, எச்சம் மூன்றும் எனக்குச் சம்மதம். ஒடுக்கம்தான் இடிக்கிறது. இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் சித்தாந்தம் யாருக்கு நினைவுக்கு வரும்? ஒடுக்குமுறைதான் வரும். 'கலைப்பு' என்று எளிமையாக வைத்தால் என்ன? கூட்டம் கலைகிறது, அவை கலைகிறது, நிரலும் கலையட்டும்.

இன்னொன்று. இந்தப் பக்கத்தைப் படிக்கப் போகிறவர் சி பிளஸ் பிளஸ் என்ற நிரல்மொழியில் எழுதுகிறவர் இல்லை. இசை அமைத்துக்கொண்டிருக்கும்போது பெட்டி ஒன்று எழும்பி 'எதிர்பாராமல் முடிந்தது' என்று சொன்னதும் பதறி வருகிறவர். அவருக்கு 'ஒடுக்க முறிவு' என்று தலைப்பு வைத்தால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். 'நிரலை மூடும்போது முறிகிறதா?' என்று கேட்டால் நின்று படிப்பார்.

இதையும் கேட்டுவிடுகிறேன்: மூடும்போது முறிந்தால் என்ன கெட்டுவிடும்? வேலைதான் முடிந்துவிட்டதே. இந்தப் பகுதிக்கு இவ்வளவு இடம் தேவையா?

----------

மறு: மறு: கலைச்சொல் – நிரலை மூடும்போது நேரும் முறிவு

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் இந்த வழு பல ஆண்டுகள் தீராமல் கிடப்பதற்குக் காரணம். 'மூடும்போதுதானே' என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் மூடும்போதுதான் பல நிரல்கள் அமைப்புகளைக் கோப்பில் எழுதுகின்றன. ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தால் வேவ் கோப்பின் தலைப்பகுதியில் மொத்த அளவைப் பெரும்பாலும் கடைசியில்தான் நிரப்புகின்றன. அதற்கு முன் முறிந்தால், தரவெல்லாம் வட்டில் இருந்தும், கோப்பு வெறுமை என்று தலைப்பகுதி சொல்லும். ஒலிக்கோப்புகளை இயக்கும் நிரல்கள் அதை நம்பித் திறக்க மறுக்கலாம். எனவே இடம் தேவை.

பயனர் பக்கத் தலைப்பு பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அங்கே 'மூடும்போது முறிவு' என்றே இருக்கட்டும். ஒடுக்கம் என்ற சொல் நிரலாளர் கையேட்டுக்கு மட்டும்.

ஆனால் அங்கே கலைப்பு எனக்குப் போதவில்லை. கூட்டம் கலைந்தால் ஆளுக்கொரு பக்கம் போவார்கள். முறிவே அப்படிக் கலைவதால்தான் வருகிறது! சி பிளஸ் பிளஸ் மொழியில் நிரல் முழுவதற்கும் பொதுவான பொருள்கள் ('குளோபல்') வெவ்வேறு கோப்புகளில் இருந்தால் எது முதலில் உருவாகும் என்பதற்கு உறுதி இல்லை. அழிவதும் அப்படியே. நடந்ததைப் பதிவேட்டில் எழுதும் பொருள் முதலில் போய்விட்டால், அடுத்து அழியும் ஆடியோ பொருள் 'மூடிவிட்டேன்' என்று பதிவு செய்யப் போய் முறியும். இதைக் கலைப்பு என்று சொல்லலாம், ஒடுக்கம் என்று சொல்ல முடியாது. இரண்டு சொல்லும் கையில் இருந்தால் 'இது ஒடுக்கமாக இல்லை, கலைப்பாக இருக்கிறது' என்று நிரல் திறனாய்வில் ஒரே வரியில் எழுதிவிடலாம்.

ஒடுங்கு, ஒடுக்கு என்று தன்வினையும் பிறவினையும் தனித்தனியே கிடைப்பது இன்னொரு வசதி. போர்ட்ஆடியோ என்ற ஒலி நூலகத்தில் ஸ்ட்ரீமை முடிக்க இரண்டு வழி. ஒன்று, காத்திருக்கும் பஃபர்கள் எல்லாம் ஒலித்து முடியும்வரை பொறுப்பது. மற்றது, அந்த நொடியே அறுப்பது. முதலாவதில் ஸ்ட்ரீம் ஒடுங்குகிறது, இரண்டாவதில் ஒடுக்கப்படுகிறது. இழைகளுக்கும் இது பொருந்தும். தன் வேலையை முடித்துத் திரும்பிய இழை ஒடுங்கியது. விண்டோஸில் செயல்முறை முடியும்போது மற்ற இழைகளை அமைப்பே வெட்டிவிடும், அப்புறம்தான் நிரல் ஏற்றிக்கொண்ட நூலகங்களுக்கு (டிஎல்எல்) தகவல் போகும். வெட்டுப்பட்ட இழை ஒரு பூட்டைப் பிடித்திருந்தால் அதைத் திறக்க ஆள் இருக்காது. அதுவே ஒடுக்க உறைவுக்கு ஒரு காரணம். ஒடுக்குமுறை நினைவுக்கு வந்தால் வரட்டும், இங்கே அது பொருத்தமாகவும் இருக்கிறது.

இனிப் பிழைதீர்ப்புப் பகுதி. மூலத்தில் இருப்பது மிகவும் வறண்டு கிடக்கிறது, எனவே கொஞ்சம் விரித்து எழுத நினைக்கிறேன்.

லினக்ஸில் முனையத்திலிருந்து நிரலை ஓட்டி, மூடியதும் அது விட்டுச்செல்லும் எண்ணை, அதாவது வெளியேறல் குறியீட்டை, பார்க்கச் சொல்ல வேண்டும். 139 என்றால் 128 உடன் சிக்னல் எண் 11, அதாவது செக்மென்டேஷன் ஃபால்ட், தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டது. 134 என்றால் 128 உடன் சிக்னல் எண் 6, நிரலே தன்னைக் கைவிட்டது. இரண்டாவது வந்தால் ஒரு குறிப்பிட்ட சந்தேகம் எழும்: சி பிளஸ் பிளஸில் முடியும்வரை காத்திருந்து இன்னும் சேர்த்துக்கொள்ளப்படாத ('ஜாயின்') இழையைத் தாங்கிய பொருள் அழிந்தால் மொழியின் விதிப்படியே நிரல் முடிக்கப்படும். நினைவகத்தில் பிழையே இல்லாமலும் இப்படி நேரும். இந்த ஒரு எண் வழு அறிக்கையில் இருந்தாலே பாதி நாள் மிச்சம்.

அடுத்து, ஒலியை முதலில் நிறுத்திவிட்டு, சில நொடி பொறுத்து, பிறகு மூடிப் பார்ப்பது. அப்போது முறியவில்லை என்றால் ஆடியோ இழைமேல் சந்தேகம் வலுக்கிறது. இன்னும் உறுதி வேண்டுமானால் நிரல்களுக்கிடையே ஒலியைக் கடத்தும் ஜாக் சேவையகத்தை டம்மி டிரைவரோடு ஓட்டலாம். வன்பொருள் இல்லாமலே 'அடுத்த துண்டைக் கொடு' என்ற அழைப்பு (கால்பேக்) வந்துகொண்டிருக்கும். அதிலும் முறிந்தால் ஒலி அட்டையின் டிரைவரைப் பழிக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அந்தப் பாவம்தான் முதலில் திட்டு வாங்கும்.

செருகுநிரல்களை (கூடுதலாகச் செருகிக்கொள்ளும் 'பிளக்இன்'கள்) எடுத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பதும் அவசியம். செருகுநிரலின் இழை ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நூலகத்தை நினைவகத்திலிருந்து இறக்கிவிட்டால், அந்த இழைக்கு நிற்க நிலமே இல்லை. பேக்டிரேஸில், அதாவது முறிந்தபோது எந்தச் சார்பு எந்தச் சார்பை அழைத்திருந்தது என்ற பட்டியலில், அந்த இடத்தில் சார்பின் பெயருக்குப் பதில் கேள்விக்குறிகள் மட்டும் தெரியும். அனுபவம் இல்லாதவர் 'தகவல் கிடைக்கவில்லை' என்று அதை ஒதுக்கிவிடுவார். மூடும்போது நேர்ந்த முறிவில் அந்தக் கேள்விக்குறிகளே ஒரு தடயம்.

பேக்டிரேஸ் எடுக்கும்போது எல்லா இழைகளுக்கும் எடுக்கச் சொல்லி வலியுறுத்த வேண்டும். முறிந்த இழையை மட்டும் பார்த்தால் பறிகொடுத்தவர் தெரிவார், பறித்தவர் தெரியமாட்டார். அட்ரஸ் சானிட்டைசர் என்ற நினைவகச் சோதனைக் கருவியோடு தொகுத்த நிரல் என்றால், தொடப்பட்ட நினைவகம் எங்கே ஒதுக்கப்பட்டது, எங்கே விடுவிக்கப்பட்டது, பிறகு யார் தொட்டார்கள் என்று மூன்றையும் அக்கருவி சொல்லிவிடும். வால்கிரைண்ட் என்ற இன்னொரு கருவியும் சொல்லும், ஆனால் நிரலைப் பல மடங்கு மெதுவாக்கிவிடுவதால் இழைகளின் நேரம் மாறி, முறிவே காணாமல் போவதுண்டு. காணாமல் போனால் வழு தீர்ந்தது என்று பொருள் இல்லை, இழைகளுக்கு இடையிலான போட்டி என்ற சந்தேகம் கூடுகிறது.

பொருள்களை அழிக்கும் சார்புகளை (டிஸ்ட்ரக்டர்) எல்லாம் தாண்டி 'உடனே வெளியேறு' என்று முடித்துவிடும் குறுக்குவழியும் இருக்கிறது. இயக்க அமைப்பு நினைவகத்தை எப்படியும் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பது அதன் வாதம். கோப்புகளை முதலில் எழுதி மூடிவிட்டால் அது ஏற்கத்தக்க வழிதான் என்பேன், சிலர் சண்டைக்கு வரலாம். ஆனால் செருகுநிரலாக இன்னொரு நிரலுக்குள் ஓடும் ஒலித்தொகுப்பிக்கு இது ஆகாது, வீட்டுக்காரரையும் சேர்த்துக் கொன்றுவிடும். இதற்குச் சொல்லும் யாரும் சொல்லவில்லை. 'ஒடுங்கா வெளியேறல்' என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் தாருங்கள்.

பயனர் பக்கத்தின் தொடக்கத்தை இப்படி மாற்றியிருக்கிறேன், பாருங்கள்:

'நிரலை மூடும்போது முறிகிறதா? முதலில் ஒலியை நிறுத்தி, சில நொடி பொறுத்து மூடிப் பாருங்கள். அப்போதும் முறிந்தால் செருகுநிரல்களை நீக்கிவிட்டு ஒரு முறை முயலுங்கள். சாளரம் மறையாமல் அப்படியே நின்றால் அது உறைவு, அதற்கு அடுத்த பகுதியைப் பாருங்கள். சாளரம் மறைந்தும் ஒலி தொடர்ந்தால், அல்லது மறுபடி திறக்கும்போது போர்ட் கிடைக்கவில்லை என்று வந்தால், பின்னணியில் எச்சம் இருக்கிறது. அதை நிறுத்திவிட்டுத் திறக்கவும்.'