11 பாயின்ட்டை 4 பாயின்ட் டேக்குக்குக் கொடுத்தால் வீணா?

வில்லாளன்:
போன வாரம் ராக்கி_ராசா எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. புதியவர்களுக்கு: டேக் என்பது எல்க் போன்ற ஒரு விலங்கை (எல்க் ஒரு பெரிய மான்) வேட்டையாடும் உரிமம். அது விழாத வருடங்களுக்குச் சேர்வதுதான் பாயின்ட், அதிகம் வைத்திருப்பவருக்கு முதலில் டேக். "கொலராடோவில் 11 எல்க் பாயின்ட் வைத்திருப்பவர் 4 பாயின்ட்டுக்குக் கிடைக்கிற டேக்கை எடுத்தால் 7 பாயின்ட் வீண், வேட்டை தெரியாதவர்கள்தான் அப்படிச் செய்வார்கள்" என்கிறார். பெயர் சொல்லவில்லை. ஆனால் 11 வைத்திருந்து இந்த வருடம் டேக் வாங்கியவன் இங்கே நான் ஒருவன்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். நானும் மகளும் ஒரே குழுவாக விண்ணப்பித்தோம். கொலராடோவில் குழுவில் யாரிடம் குறைவோ அவருடைய பாயின்ட்தான் எல்லோருக்கும் கணக்கு, அவளிடம் 4. அடுத்த வருடம் கல்லூரிக்குப் போய்விடுவாள். விண்ணப்பத்தில் எழுதிய முதல் விருப்பத்தில் டேக் விழுந்தால் கையில் எத்தனை இருந்தாலும் பூஜ்யம்தான், மிச்சத்துக்கு யாரும் சில்லறை தருவதில்லை. தெரிந்துதான் கொடுத்தேன்.

ராக்கி_ராசா:
அண்ணே, நான் பெயரே சொல்லவில்லை, நீங்களாக வந்து நின்றால் நான் என்ன செய்ய? 11-ல் 4 போனால் 7. இதில் பாசம் எங்கே வந்தது? மகளுக்குத் தனியாக டேக் போட்டுவிட்டு நீங்கள் துப்பாக்கி இல்லாமல் கூடப் போயிருக்கலாம், யார் தடுத்தார்கள்? 10 பாயின்ட்டோ அதற்கு மேலோ கேட்கும் யூனிட்களில், அதாவது வேட்டைப் பகுதிகளில், 20 சதவீத டேக் வரை ஹைப்ரிட் டிரா என்ற குலுக்கலுக்கு ஒதுக்குகிறார்கள், 5 பாயின்ட் இருந்தாலே அதில் பெயர் சேரும். உங்களிடம் 11 இருந்தது. வடமேற்கு மூலையில் 201-ம் யூனிட்டில் ஒரு காளை எல்க்கின் கொம்பைப் பார்த்தவன் இப்படி 7 பாயின்ட்டைத் தூக்கி எறிய மாட்டான்.

வில்லாளன்:
201-ஐப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். 2, 10, 201 யூனிட் மூன்றுமே 20 பாயின்ட்டுக்கு மேல் போய்ப் பல வருடம் ஆகிறது. நமக்கு முன்னால் 100 பேர் நிற்கிறார்கள், வருடத்துக்கு 10 டேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 100 பேர் தீரவே 10 வருடம். அதற்குள் நமக்கும் 10 பாயின்ட் ஏறும், நம் கூடவே நிற்கிற அத்தனை பேருக்கும் ஏறும். கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது, அதைத்தான் பாயின்ட் க்ரீப் என்கிறோம். ஹைப்ரிட்டில் 20 சதவீதம் என்கிறீர்களே, 10 டேக்கில் 20 சதவீதம் எத்தனை? 2. அந்த 2-ஐ நம்பி நான் 60 வயதில் பத்தாயிரம் அடி உயரத்தில் எல்க்கின் பின்னந்தொடையை முதுகில் கட்டி இறக்க வேண்டுமா?

போல்டர்_அக்கா:
ராசா தம்பி, சேர்த்தால் கூடிக்கொண்டே போகும் என்று நினைக்க இது வட்டிக்கு விட்ட பணம் இல்லை. 2022-23 குளிர்காலம் ஞாபகம் இருக்கிறதா? வயோமிங் ரேஞ்ச் மலைத்தொடரில் மியூல் மான் கூட்டம் பனியில் சிக்கி எப்படிச் செத்தது? வருடக்கணக்காகச் சேர்த்துக் காத்திருந்தவர்களுக்கு அடுத்த சீசனில் டேக்கையே குறைத்தார்கள். கொலராடோ வடமேற்கிலும் மானும் பிராங்ஹார்னும் அதே பனியில் போயின. இன்னொன்று, 2028-லிருந்து இங்கே பாதி டேக்தான் பாயின்ட் வரிசைக்கு, மறுபாதி குலுக்கலுக்கு. வரிசையில் நிற்பவர்கள் அதையும் யோசிக்க வேண்டும்.

ராக்கி_ராசா:
குலுக்கலிலும் பாயின்ட்டுக்குத் தக்கபடிதானே வாய்ப்பு, அக்கா? அப்படியென்றால் 2028-ல் அந்த 11-க்கு இன்னும் மதிப்பு. அதைத்தான் நானும் சொல்கிறேன். 7 வீண்.

சால்ட்லேக்_கதிர்:
கொலராடோவைக் கட்டிக்கொண்டே ஏன் மாரடிக்கிறீர்கள்? வயோமிங்கில் வெளிமாநிலத்தார் எல்க் டேக்கில் 75 சதவீதம் பாயின்ட்டுக்கு, 25 சதவீதம் குலுக்கலுக்கு. பாயின்ட்டே இல்லாதவனுக்கும் கதவு திறந்திருக்கிறது. வருடத்துக்கு 52 டாலர் கட்டிப் பாயின்ட் வாங்கலாம். குழுவாகப் போட்டால் சராசரி எடுப்பார்கள், வில்லாளன் அண்ணனுக்கு அங்கே 11-ம் 4-ம் சேர்ந்து ஏழரை வந்திருக்கும்.

ராக்கி_ராசா:
வயோமிங்கில் வில்டர்னஸ் (சாலையில்லாத, பாதுகாக்கப்பட்ட காடு) எல்லைக்குள் வெளிமாநிலத்தான் கைடோ உள்ளூர்க்காரர் துணையோ இல்லாமல் வேட்டையாட முடியாது என்பதை ஏன் மறைக்கிறீர்கள்? கூடுதல் கட்டணம் கட்டி வாங்கும் ஸ்பெஷல் டேக்கின் விலை 1,950 டாலர் ஆனதையும் சொல்லுங்கள்.

சால்ட்லேக்_கதிர்:
எதை மறைத்தேன்? வில்டர்னஸுக்கு வெளியே எல்க்கே கிடையாதா? ரெகுலர் டேக் 692 டாலர்தான். படிக்காமல் பேசாதீர்கள்.

வில்லாளன்:
கதிர், வயோமிங் கதையைத் தனியாகப் பேசிக்கொள்வோம். இங்கே கேள்வி ஒன்றுதான்: எது வீண்? ராசா இன்னும் பதில் சொல்லவில்லை. அவரிடம் 14 பாயின்ட் இருக்கிறது, அவரே எழுதியது. 14 வைத்துக்கொண்டு கடைசியாக எந்த வருடம் எல்க் அறுத்தார்? நான் இடையில் பெட்டை எல்க்கையாவது இரண்டாம் விருப்பத்தில் வாங்கிப் பெட்டி நிறைய கறி கொண்டுவந்தேன், அதற்குப் பாயின்ட் போகாது. இவர் மேப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். போன அக்டோபரில் நான் நம்பித் தனியாகச் சொன்ன நீரூற்றை ஊரெல்லாம் பரப்பி, மறு வாரமே அங்கே நாலு டிரக் நிற்கும்படி செய்தவரும் இவர்தான். இவர் எனக்கு வேட்டை சொல்லித் தருகிறாராம். என் மகள் ஞாயிறு காலையில் சுடும் பயிற்சி ரேஞ்சில் ஒரு முழங்காலை ஊன்றி, இடது முழங்கையை மறு முழங்காலில் தாங்கி, மூச்சை விட்ட பிறகுதான் விசையைத் தொடுகிறாள். 200 கெஜத்தில் தட்டைத் தவறவிடுவதில்லை. அவள் கையிலும் டேக், என் கையிலும் டேக், ஒரே மலை, ஒரே வாரம். துப்பாக்கி இல்லாமல் கூடப் போவதும் இதுவும் ஒன்று என்று நினைப்பவருக்கு நான் எதைச் சொல்லி விளக்க?

ராக்கி_ராசா:
அந்த ஊற்று பொது நிலத்தில் இருக்கிறது, உங்கள் பட்டா இல்லை. மேப்பில் நீலமாகப் போட்டிருக்கிறது. 14 வைத்திருக்கிறேன், வைத்துக்கொண்டுதான் இருப்பேன். என் டேக் வரும்போது படம் போடுகிறேன், அன்றைக்குப் பேசலாம்.

போல்டர்_அக்கா:
ஊற்றை மேப்பில் பார்ப்பது வேறு, நம்பிச் சொன்னதை வெளியே விடுவது வேறு. அது தப்பு, தம்பி.

ராக்கி_ராசா:
அக்கா, நீங்கள் எப்போதும் அண்ணன் பக்கம்தான், கரடி டேக் பேச்சு வந்தபோதும் இப்படித்தான். என் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. 11-ல் 4 போனால் எத்தனை?

வில்லாளன்:
நான் கொடுத்தது 11. பதினொன்றையும் முழுசாக, ஒரே வேட்டைக்கு. அதில் 4 தனி, 7 தனி என்று பிரித்துக்கொண்டிருப்பது நீங்கள். எந்த வருடம் கடைசியாக அறுத்தீர்கள் என்று கேட்டேனே, அதைச் சொல்லுங்கள்.

ராக்கி_ராசா:
7.

சால்ட்லேக்_கதிர்:
சரி, வயோமிங் பாயின்ட் வாங்க அக்டோபர் 31 கடைசி. தொடர்ந்து 2 வருடம் விட்டால் சேர்த்ததெல்லாம் அழிந்துவிடும். யாருக்காவது அக்கறை இருந்தால்.