சிடி, டிவிடி அட்டவணை: தேடினால் பாதிதான் சிக்குது

கொழிஞ்சாம்பாறை வாசி:
அறுநூறு டிஸ்க் இருக்குங்க. பெரும்பாலும் எம்பி3, கொஞ்சம் ஆடியோ சிடி, மிச்சம் போட்டோ. தமிழும் மலையாளமும் கலந்து கிடக்கு. டிஸ்க்கைப் போடாமலே எது எதில் இருக்குன்னு தேடணும். வி.வி.வி (வர்ச்சுவல் வால்யூம்ஸ் வியூ)ன்னு டிஸ்க் அட்டவணை போடற மென்பொருள்ல ஏத்திப் பார்த்தேன். யேசுதாஸ்னு ஆங்கில எழுத்துல தேடினா பாதிதான் வருது. ஒரே பேர்ல மூணு நாலு டிஸ்க் வேற. பேசாம எக்ஸலுக்குப் போயிடலாமுங்களா?

மார்த்தாண்டம்காரன்:
எக்ஸல் வேண்டாம், வி.வி.வி போதும். கோளாறு டிஸ்க்கின் பேரில். விண்டோஸில் டிஸ்க்கை எரிக்கும்போது (பதியும்போது) பேர் கொடுக்காமல் விட்டால் அன்றைய தேதியே பேராகிவிடும். ஒரே நாளில் எரித்த எல்லாத்துக்கும் ஒரே பேர்தான். முதலில் நம்பர் போடுங்க. 0001 என்று நாலு இலக்கம், அவ்வளவே. மொழி, வகை எதையும் நம்பருக்குள் நுழைக்காதீங்க. ரெண்டு மொழியும் உள்ள டிஸ்க் வந்தால் அங்கேயே குழப்பம் ஆரம்பம்.

நடு ஓட்டையைச் சுற்றியுள்ள தெளிந்த வளையத்தில் சிடி மார்க்கரால் எழுதுங்க. பால்பாயின்ட் பேனா கூடவே கூடாது: சிடியில் தகவல் அடுக்கு மேல்பக்க வார்னிஷுக்கு நேர் கீழேதான் இருக்கு, அழுத்தினால் போச்சு. ஸ்டிக்கரும் வேண்டாம், ஓரம் தூக்கினால் டிரைவுக்குள் சிக்கும். வி.வி.வி தானாகக் காட்டும் பேரை அழித்துவிட்டு இந்த நம்பரைக் கொடுங்க. உறையிலும் அதே நம்பர்.

ஏற்றும்போது ஆடியோ தகவலையும் படிக்கச் சொல்லுங்க. நேரம் இழுக்கும்தான். ஆனால் கோப்பின் பேர் வெறும் 'டிராக் 07' என்றிருந்தாலும் பாடகர் பேர் சிக்கும். பழைய எம்பி3-களில் ஐடி3 (கோப்புக்குள்ளேயே பாட்டுத் தகவல் வைக்கும் முறை) முதல் பதிப்பு இருந்தால் தலைப்பு 30 எழுத்தோடு வெட்டுப்பட்டிருக்கும். நீளமாக அடித்துத் தேடினால் வராது.

யேசுதாஸ் விஷயம்: ஒருத்தர் ஒய் போட்டிருப்பார், ஒருத்தர் ஜே, கடைசியில் ஒரு எஸ், இல்லை ரெண்டு. எல்லாரும் ஒரே மாதிரி எழுதும் நடுப்பகுதியை மட்டும் தேடுங்க: ஈ-எஸ்-யு-டி, நாலே எழுத்து. இளையராஜாவுக்கு ஒய்-ஏ-ஆர்-ஏ.

செங்கோட்டை வடகரை:
ஆடியோ சிடியை அப்படி ஏற்றிப் பயனில்லை அண்ணாச்சி. விண்டோஸ் காட்டுவது 44 பைட் சிடிஏ கோப்புகள்தான், அதில் பாட்டுப் பேர் கிடையாது. மியூசிக்பிரைன்ஸ் பிக்கார்டு என்ற, பாட்டுத் தகவல் தேடும் மென்பொருளில் 'லுக்கப் சிடி' கொடுங்க. பாட்டுகள் தொடங்கும் இடங்களை வைத்து ஐடி கணக்கிட்டுத் தேடும். நகலெடுத்த சிடியில் பாட்டுகளுக்கு இடையே இடைவெளி மாறியிருந்தால் ஐடியும் மாறும், சிக்காது. அட்டையைப் பார்த்துத் தட்ட வேண்டியதுதான். பழைய ரிப்பர் (சிடியிலிருந்து பாட்டெடுக்கும் மென்பொருள்) ஃப்ரீடிபி என்ற இணையப் பாட்டுப் பட்டியலைத் தேடிப் பிழை காட்டினால் அதுவும் சகஜம். அந்தச் சேவை 2020-இல் மூடியாச்சு, அதற்குப் பதிலாக குனூடிபி என்ற அதே மாதிரிச் சேவையின் முகவரியைக் கொடுங்க.

கொழிஞ்சாம்பாறை வாசி:
சரிங்கண்ணா. தமிழ் எழுத்துலயே பேர் வச்ச கோப்பு சிலது இருக்குங்க. 'பொங்கல்'னு தேடினா சில டிஸ்க்குல மட்டும் வர மாட்டேங்குது.

மார்த்தாண்டம்காரன்:
மேக்கில் எரித்த டிஸ்க்காக இருக்கும். 'பொ'வின் கொம்பையும் காலையும் யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ரெண்டாகப் பிரித்தும் வைக்கலாம். பார்க்க ஒன்றுதான், தேடலுக்கு வேறு வேறு. எரித்ததை மாற்ற முடியாது. 'ங்கல்' என்று தேடுங்க. மலையாளச் சில்லெழுத்திலும் (உயிர் சேராத மெய்யைக் காட்டும் தனி வடிவம்) இதே தொல்லை உண்டு. 2008-இல் யூனிகோடு 5.1 வந்த பிறகுதான் அவற்றுக்குத் தனிக் குறி. அதற்கு முந்தைய டிஸ்க்குகளில் மெய்யும் சந்திரக்கலையும் (நம்ம புள்ளி மாதிரி) கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறியும் இருக்கும். சில்லை விட்டுத் தேடுங்க.

செங்கோட்டை வடகரை:
இன்னொன்று. டிஸ்க் நிறைய எரித்த தடம் தெரியுது, பட்டியலில் பத்துக் கோப்புதான் வருது என்றால் பல செஷனாக (வெவ்வேறு தடவையாக) எரித்தது. விண்டோஸ் கடைசி செஷனை மட்டும் காட்டும். ஐசோபஸ்டர் என்ற மென்பொருளில் திறந்தால் முந்தைய செஷன்களும் தெரியும்.