‘புதர்க்கவிவு’: மேய்ச்சல் நிலத் தொலையுணர்வுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

மேய்ச்சல் நிலத்தில் ஓரிடத்தை நேர்மேலிருந்து பார்க்கும்போது அதில் எவ்வளவு பங்கைப் புதர்கள் மறைத்திருக்கின்றன என்னும் அளவைக் குறிக்க, ‘புதர்ப் பரப்பு’, ‘புதர் அடர்த்தி’, ‘புதர்ப் போர்வை’ என மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றும் பழகிய சொற்கள்தாம். எனினும் தொலையுணர்வில், அதாவது செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு நிலத்தை ஆராய்வதில், வைத்துப் பார்த்தால் மூன்றும் வேறு பொருளையே தருகின்றன.

இன்றைய லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தின் ஒரு படப்புள்ளி (படத்தின் மிகச்சிறு கட்டம்) தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். அதற்குள் 9 புதர்கள், ஒவ்வொன்றும் 20 சதுர மீட்டருக்குத் தழை விரித்து, ஒன்றன்மேல் ஒன்று படியாமல் நிற்பதாகக் கொள்வோம். மறைந்த நிலம் 180 சதுர மீட்டர். நாம் பெயர் தேடும் அளவு 20 விழுக்காடு. அதே புதர்கள் பின்னர் இருமடங்கு விரிந்தால் அது 40 விழுக்காடாகிவிடும்; எண்ணிக்கையோ ஹெக்டேருக்கு 100 என்றே நிற்கும். ‘அடர்த்தி’ என்பது இந்த எண்ணிக்கையையே குறிக்கும்; அப்படி எழுதினால், புல்லுக்குரிய இடம் சுருங்கிவரும் செய்தி அந்தச் சொல்லுக்குள்ளேயே மறைந்துபோகும். ‘பரப்பு’ என்றால் படிப்பவர் ஹெக்டேர்க் கணக்கை எதிர்பார்ப்பார். ‘போர்வை’ முழுவதும் மூடியதை நினைவூட்டுகிறது.

ஆகவே ‘கவிவு’ என்னும் சொல்லை முன்மொழிகிறேன். இருள் கவிந்தது, மேகம் கவிந்தது என்று நாம் சொல்வது மேலிருந்து படர்ந்து மறைப்பதைத்தான். ஏன் ‘கவிப்பு’ என்று சொல்லக்கூடாது என்று சிலர் கேட்கக்கூடும். முடி கவித்தல் என்பதில் கவிப்பவர் ஒருவர் வேண்டும். புதரோ தானே கவிகிறது. விரி என்பதிலிருந்து தானாக நிகழும் விரிவும் ஒருவர் விரிக்கும் விரிப்பும் பிறப்பதைப் போன்றதே இவ்வேறுபாடு.

சொல்லைத் தொடரில் இட்டுப் பார்ப்போம்: ‘மழைக்குப் பிந்தைய படத்தில் புற்கவிவும் புதர்க்கவிவும் ஒரே பசுமையாகக் கலந்துவிடுவதால், புல் காய்ந்து புதர் மட்டும் பசுமையாக நிற்கும் பருவத்தில் எடுத்த படத்தைக் கொண்டே புதர்க்கவிவைக் கணிக்க வேண்டும்.’ எங்கும் இடறவில்லை. மரக்கவிவு, மொத்தக்கவிவு என்று நீட்டவும் இடமிருக்கிறது.

ஒரு சிக்கல் மட்டும் எஞ்சுகிறது. களத்தில் அளப்பவர்கள் பெரும்பாலும் புதரின் வெளிவரம்பைச் சுற்றி அளந்து, உள்ளிருக்கும் இடைவெளிகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். செயற்கைக்கோளின் உணரியிலோ அந்த இடைவெளிகளின் வழியே தெரியும் மண்ணின் ஒளியும் பதிகிறது. ஒரே புதருக்கு இரண்டு எண்கள் கிடைப்பதால், இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் தேவை. இலையும் கிளையும் உண்மையாக மறைப்பதைத் ‘தழைக்கவிவு’ எனலாம். வரம்பளவில் கொள்வதற்குச் ‘சுற்றுக்கவிவு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். அதைவிடப் பொருத்தமான சொல் தோன்றுபவர்கள் எழுத வேண்டுகிறேன்.