விசுவாசத்தைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னோம்: உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

மறைக்கல்வி ஆசிரியர் (தொடரைத் தொடங்கியவர்)

அன்பு உறவுகளே, நம் கத்தோலிக்க விசுவாசத்தைப் பற்றி யாராவது கேள்வி கேட்டு, நீங்கள் பதில் சொன்ன அனுபவம் இருந்தால் இங்கே எழுதுங்கள். யாரை எப்படி வாயடைத்தோம் என்ற கதைகள் வேண்டாம். கேட்டவர் எதற்காகக் கேட்டார், நாம் சொன்னது திருச்சபை உண்மையிலேயே கற்பிப்பதுதானா, அதை எழுதுங்கள். விளக்கம் கேட்பவருக்கு விடையளிக்க எப்போதும் ஆயத்தமாய் இருக்கச் சொல்லும் பேதுரு (1 பேதுரு 3:15), கையோடு பணிவையும் மரியாதையையும் கேட்கிறார். முதல் பாதியை எடுத்துக்கொள்ளும் வேகம் நம்மில் பலருக்கு அடுத்த பாதியில் இருப்பதில்லை.

நானே தொடங்குகிறேன். இரவு ரயிலில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர் இருக்கையில் வேறு சபையைச் சேர்ந்த ஒருவர். மடியில் வேதாகமம், பக்க ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. "பிரதர், தப்பா நினைக்காதீங்க. இயேசு ஒருத்தர்தான் மத்தியஸ்தர்னு வசனம் இருக்கே, அப்புறம் ஏன் மரியாள்கிட்ட போறீங்க?" என்றார்.

அவர் சொன்ன வசனம் 1 திமொத்தேயு 2:5. மறுப்பதற்கு எனக்கு என்ன இருக்கிறது? அது நம் விசுவாசமும்தானே. அதே அதிகாரத்தின் முதல் வசனத்தை வாசிக்கச் சொன்னேன். எல்லாருக்காகவும் மன்றாடுங்கள் என்கிறார் பவுல். கிறிஸ்து ஒருவரே இணைப்பாளர் (மத்தியஸ்தர்) என்பதும், அவருக்குள் இருப்பவர்கள் ஒருவருக்காக ஒருவர் பரிந்து பேசுவதும் பவுலின் கண்ணில் மோதவில்லை. செபமாலையில் மரியாவை நோக்கிச் சொல்லும் மங்கள வார்த்தை செபத்தையும் சொல்லிக் காட்டினேன். முன்பாதி பெரும்பாலும் லூக்கா 1:28-உம் 1:42-உம். பின்பாதியில் நாம் கேட்பது, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்பதுதான்.

"செத்தவங்களுக்கு எப்படி பிரதர் கேட்கும்?" என்றார். அவருக்குத் தடையாக இருந்தது இதுதான், மத்தியஸ்தர் வசனம் அல்ல. கடவுள் வாழ்வோரின் கடவுள் என்று ஆண்டவரே சொன்னதை (மாற்கு 12:27) எடுத்துக் காட்டினேன். திருவெளிப்பாடு 5:8-இல் விண்ணக மூப்பர்கள் இறைமக்களின் வேண்டுதல்களைக் கிண்ணங்களில் ஏந்தி நிற்கிறார்கள், அதையும் காட்டினேன். கடைசியாக, நம் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டின் 60-ஆம் எண். மரியாவின் பணி கிறிஸ்துவின் இணைப்பாளர் பணியை மறைப்பதும் இல்லை, குறைப்பதும் இல்லை, அதன் ஆற்றலைக் காட்டுகிறது என்கிறது அது. "இது உங்க சபையே எழுதினதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஏற்றுக்கொண்டாரா என்றால், இல்லை. 5:8-க்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டார். எனக்கு அது போதும். நாம் மரியாவைக் கடவுளாக்குவதாக இனி அவர் சொல்லமாட்டார் என்று நம்புகிறேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவு செவிலியர்

அண்ணா, நான் வேலை செய்யும் இடத்தில் மரியாவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "மெஷினை எடுத்தா பாவமா சிஸ்டர்?" என்றுதான் கேட்கிறார்கள். என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

ஒரு குடும்பத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தந்தை மிகவும் வயதானவர். உறுப்புகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. வென்டிலேட்டர், டயாலிசிஸ், இரத்த அழுத்தம் விழாமல் இருக்கச் சொட்டு மருந்து. இனி மீட்க வழியில்லை என்று மருத்துவக் குழு சொல்லிவிட்டது. மூத்த மகன், "எதை எடுத்தாலும் அது கொலை, நம்ம வேதம் ஒத்துக்காது" என்று நின்றார். இளையவர், "அப்பா படுற பாட்டைப் பார்க்க முடியல, ஊசி போட்டு முடிச்சிடச் சொல்லுங்க" என்றார். கதவுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். பேச்சே இல்லை.

இரண்டுமே திருச்சபையின் போதனை அல்ல. கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூலில் அடுத்தடுத்து மூன்று எண்கள் இருக்கின்றன. நம் எல்லார் கைப்பேசியிலும் இருக்க வேண்டியவை. எண் 2277: வேதனையைத் தீர்ப்பதற்காக நோயாளியின் உயிரைப் போக்குவது, எந்த நல்லெண்ணத்தோடு செய்தாலும், கொலை. எண் 2278: பளுவான, ஆபத்தான, வழக்கத்தை மீறிய, கிடைக்கப்போகும் பலனுக்குப் பொருந்தாத சிகிச்சையை நிறுத்துவது முறையானதே. அங்கே நாம் சாவை விரும்புவதில்லை, அதைத் தடுக்க முடியாத நம் நிலையை ஏற்கிறோம். நோயாளியால் முடிந்தால் அவரே முடிவெடுக்க வேண்டும். முடியாதபோது சட்டப்படி உரிமை உள்ளவர்கள், அவருடைய நியாயமான விருப்பத்தையும் நலனையும் மதித்து எடுக்க வேண்டும். எண் 2279: சாவு நெருங்கிவிட்டாலும் வழக்கமான பராமரிப்பை நிறுத்தக் கூடாது. வலி தணிக்கும் மருந்து ஆயுளைக் குறைக்கக்கூடும் என்றாலும் கொடுக்கலாம், சாவை நோக்கமாகவோ வழியாகவோ விரும்பாதவரை.

இது ஏதோ இந்தக் காலத்துக்காகத் தளர்த்திக்கொண்டது என்று மூத்தவர் நினைத்தார். 1957-லேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மயக்க மருத்துவர்களிடம் பேசியபோது, வழக்கத்தை மீறிய வழிகளைப் பயன்படுத்தும் கடமை யாருக்கும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். இளையவருக்குச் சொல்ல வேண்டியது வேறு. அவர் கேட்ட ஊசியை ஒருநாளும் போட முடியாது, ஆனால் அப்பாவுக்கு வலி தெரியாமல் பார்த்துக்கொள்ள மார்ஃபின் இருக்கிறது, அது பாவமில்லை என்றேன். எதைக் கண்டு பயந்து அந்த ஊசியைக் கேட்டாரோ, அதற்கே வழி இருக்கிறது என்று அவரிடம் யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

மூத்தவரிடம் 2278-ஐத் திரையில் காட்டினேன். உதடு அசைய, வரிவரியாக விரலை நகர்த்தி வாசித்தார். தடுக்க முடியாததை ஏற்பது என்ற இடத்தில் விரல் நின்றது. "அப்போ நான் அப்பாவைக் கைவிடலையா சிஸ்டர்?" என்றார். இத்தனை நேரம் வேதம், கொலை என்றெல்லாம் பேசியவர் கேட்க நினைத்தது இதைத்தான். நீங்கள் கைவிடவில்லை என்றேன். அதைச் சொல்லும் உரிமையை எனக்குத் தந்தது திருச்சபையின் போதனை. வெறும் ஆறுதலாகச் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நிறுத்தலாம் என்றதும் எல்லாவற்றையும் நிறுத்தலாம் என்று யாரும் புரிந்துகொள்ள வேண்டாம். நினைவு திரும்பாமல் நீண்டகாலம் படுத்திருப்பவர்களைப் பற்றித் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2004-இல் பேசினார். குழாய் வழியாகக் கொடுத்தாலும், உணவும் தண்ணீரும் கொள்கையளவில் வழக்கமான பராமரிப்பே என்றார். 2007-இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயமும் அதை உறுதிசெய்தது. உடல் ஏற்றுக்கொள்ளாத நிலை வந்தால் அது வேறு. எந்தச் சிகிச்சை பளுவானது என்று நான் ஒருபோதும் சொல்வதில்லை. அது மருத்துவரும் குடும்பமும் உட்கார்ந்து பேச வேண்டியது.

அன்று அருள்பணியாளர் வந்து, நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் கொடுத்தார். மகன்கள் இருவரும் கட்டிலுக்கு இருபுறமும் நின்று பதில் செபம் சொன்னார்கள். இதில் எனக்கு ஒரு ஆதங்கம். சாமியாரைக் கூப்பிட்டால் உயிர் போய்விடும் என்ற பயத்தில் பலர் கடைசி மூச்சு வரை காத்திருக்கிறார்கள். நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே அதற்கான வேளை வந்துவிட்டது என்கிறது மறைக்கல்வி (எண் 1514). நோயாளி தெளிவாக இருக்கும்போதே கூப்பிடுங்கள். அவரே பாவசங்கீர்த்தனம் செய்யட்டும், அவரே ஆமென் சொல்லட்டும்.

பங்கின் குடும்பநல ஆலோசனைக் குழுவில் இருப்பவர்

தங்கை எழுதியதை வாசித்துவிட்டு நீண்ட நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

எங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் மணமுறிவு அடைந்தவர்கள். ஒரு பெண் கோயிலுக்கு வருவார், நன்மை (திருப்பலியில் தரும் நற்கருணை) வாங்க எழுந்து போகமாட்டார். ஒருநாள் விசாரித்தேன். "கோர்ட்ல டைவர்ஸ் ஆயிடுச்சு ஐயா, எனக்கு எப்படிக் கொடுப்பாங்க?" என்றார். மறுமணம் செய்யவில்லை. பிள்ளைகளோடு தனியாக வாழ்கிறார். அரசு நீதிமன்றத்தில் பிரிந்தது மட்டுமே நற்கருணைக்குத் தடை ஆகாது. உரிமைகளையும் பிள்ளைகளின் பராமரிப்பையும் காக்க வேறு வழியில்லை என்றால் அந்தப் பிரிவு பாவமும் ஆகாது (மறைக்கல்வி 2383). யாரோ சொன்னதை நம்பி ஆண்டுக்கணக்கில் பசியோடு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது.

திருமணம் செல்லாது என்று திருச்சபையின் தீர்ப்பாயம் அறிவிப்பதைப் பற்றியும் கேட்டார். "அது காசு இருக்கிறவங்களுக்குக் கொடுக்கிற டைவர்ஸ்தானே?" என்றார். அப்படி இல்லை. கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்கக் கூடாது (மத்தேயு 19:6) என்பதைத் தொட எவருக்கும் அதிகாரமில்லை. தீர்ப்பாயம் பார்ப்பது பீடத்தின் முன் சம்மதம் சொன்ன அந்த நேரத்தை. பயமுறுத்திச் சொல்ல வைத்தார்களா? பிள்ளையே வேண்டாம் என்று உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டுச் சொன்னாரா? பெரிய ஏமாற்று நடந்ததா? அந்தத் திருமணத்துக்காக வாதாடவே பிணைப்புக் காவலர் என்று ஒருவர் ஒவ்வொரு வழக்கிலும் இருக்கிறார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் இந்த முறையைத் திருத்தி, இரண்டாவது தீர்ப்பாயமும் உறுதிசெய்தே ஆக வேண்டும் என்ற விதியை எடுத்தார். இயன்றவரை இலவசமாக நடத்தவும் கேட்டுக்கொண்டார்.

அவரைத் தடுத்துக்கொண்டிருந்த பயம் வேறு. திருமணம் செல்லாது என்றால் பிள்ளைகள்? திருச்சபைச் சட்டம் 1137 தெளிவாக இருக்கிறது. ஒருவராவது நல்லெண்ணத்தோடு செய்த திருமணம் பின்னால் செல்லாது என்று ஆனாலும், பிள்ளைகள் முறையான பிள்ளைகளே. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில வழக்குகளில், இந்தத் திருமணம் செல்லும் என்றே தீர்ப்பு வரும். விண்ணப்பம் எழுத உட்காரும் முதல் நாளே அதைச் சொல்லிவிடுகிறேன். கேட்கக் கடினமான பதில் இது. ஆனால் கணவனும் மனைவியும் கொடுத்த வாக்கைத் திருச்சபை அவ்வளவு பெரிதாக மதிக்கிறது.

கல்லூரி மாணவர்

சின்ன அனுபவம்தான். அறை நண்பன் கேட்டான், "காசு கொடுத்துப் பூசை வச்சா ஆன்மா மேலே போயிடுமா?" விற்பனை போல நடந்த முறைகேடுகள் வரலாற்றில் இருந்தன, மறுக்கவில்லை. 1567-இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் பணத்தோடு இணைந்த பலன்களை (பாவத்துக்கான தண்டனையிலிருந்து திருச்சபை தரும் விடுவிப்பை) எல்லாம் ரத்து செய்தார். ஏழைகளுக்காகக் காணிக்கை இல்லாமலேயே திருப்பலி (பூசை) நிறைவேற்றும்படி குருக்களைத் திருச்சபைச் சட்டம் 945 வலியுறுத்துகிறது. இறந்தோருக்காக மன்றாடுவது அந்த முறைகேட்டில் பிறந்ததல்ல. விவிலியத்தில் மக்கபேயர் இரண்டாம் நூல் 12-ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. 387-இல் இத்தாலியின் ஓஸ்தியாவில் சாகக் கிடந்த புனித மோனிக்கா தம் மகன் புனித அகுஸ்தினிடம், உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவரின் பீடத்தில் என்னை நினையுங்கள் என்றுதான் கேட்டார். நண்பன் கத்தோலிக்கன் இல்லை. "எங்க அம்மாவும் இப்படித்தான் கேட்பாங்க" என்றான்.

செவிலியர் அக்காவிடம் ஒரு கேள்வி. தகனம் செய்யலாமா? வீட்டில் அடிக்கடி இதே பேச்சு.

செவிலியர்

செய்யலாம் தம்பி. 1963-லிருந்து அனுமதி உண்டு, கிறிஸ்தவப் போதனையை மறுக்கும் எண்ணத்தோடு செய்யக் கூடாது, அவ்வளவுதான். அடக்கம் செய்வதையே திருச்சபை கூடுதலாக விரும்புகிறது, உடல் உயிர்த்தெழும் என்று நம்புவதால். 2016-இல் வந்த அறிவுறுத்தலின்படி சாம்பலைக் காற்றிலோ நீரிலோ தூவக் கூடாது, பிள்ளைகள் பங்குபோட்டுக்கொள்ளவும் கூடாது, கல்லறையில் அல்லது அதற்கென்று உள்ள புனித இடத்தில் வைக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் விருப்பத்தை இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அப்படியே பங்குத்தந்தையின் எண்ணையும் அந்தத் தாளில் குறித்துவையுங்கள். இரவு நேரத்தில் அதைத் தேடி அலைபவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.