எந்த சயின்ஸ் எடுப்பது? உங்களை முடிவெடுக்க வைத்த சம்பவத்தைச் சொல்லுங்கள்

எண்ணூர்க்காரன்:
2017 ஜனவரியில் எங்கள் எண்ணூர் கடலில் கப்பல் மோதி எண்ணெய் கொட்டினதே, அப்போது நான் பிளஸ் டூ. எர்ணாவூர்ப் பாறை மேல் நின்று பக்கெட்டால் அள்ளினவர்களோடு நானும் அள்ளினேன். தார் மாதிரி கெட்டி. ஒரு அக்கா மட்டும் ஓரமாகக் குனிந்து கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். என் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து நீட்டினேன். "பிளாஸ்டிக் வேணாம்பா. எண்ணெய் அதுலயே ஒட்டிக்கும், அப்புறம் கணக்கு தப்பாயிடும்" என்றார். மூடிக்கு உள்ளே அலுமினியத் தாள். நேரம், இடம் எழுதி ஒட்டி ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். இன்ஜினியரிங்கை விட்டு பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி சேர்ந்தேன். ஆனால் அவர் என்ன படித்தவர் என்று கேட்கவே இல்லை. கெமிஸ்ட்ரியா, கடல் உயிரியலா, கடலையே படிக்கும் ஓஷனோகிராபியா? குத்துமதிப்பாக எடுத்த முடிவுதான் என்னுடையது.

பழைய வண்ணாரப்பேட்டை:
எனக்கு ஒரு கல். அட்மிஷனுக்குப் போனபோது ஜியாலஜி சார், எண்ணெய் தடவின மாதிரி மினுங்கும் சாம்பல் கல் ஒன்றை மேசையில் வைத்தார். சார்னோகைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக் சமாதிக்கு வைத்த கல்லாம், அதனால் அந்தப் பெயர். "நம்ம பல்லாவரம் பக்கத்துக் கல்லுதான்பா" என்றார். பார்க்க எங்கள் வீட்டு அம்மி மாதிரியே இருந்தது. கையில் எடுத்தேன். பின்னாலிருந்து மாமா, "கல்லு உடைக்கவா காலேஜு?" வைத்துவிட்டு வந்து கணக்கு எடுத்தேன். இப்போது பேங்கில் இருக்கிறேன், குறையில்லை. அம்மியைக் கழுவும்போது மட்டும் சார் முகம் வந்து நிற்கும்.

வியாசர்பாடி அக்கா:
ஜூவாலஜி சேர்ந்து முதல் பிராக்டிகலில் கரப்பானைப் பார்த்து ஓடி வந்தவள் நான், அவ்வளவுதான் என் கதை. ஆனால் மேலே சொன்னவரின் மாமா கேட்டதில் என்ன தப்பு? வாடகை வீட்டில் இருப்பவர் கேட்கத்தான் செய்வார். பதில் சொல்லத் தெரியாமல் வந்தது உங்கள் குறை. ஜியாலஜி படித்தால் யு.பி.எஸ்.சி. தனியாக ஜியோ சயின்டிஸ்ட் தேர்வே நடத்துகிறது. பி.எஸ்சி. கடைசி வருடத்திலேயே ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. கிடைக்கும், அதிலும் ஜியாலஜிக்குத் தனித் தாள் உண்டு. அப்புறம், ஆராய்ச்சிக்கும் காலேஜ் வாத்தியார் வேலைக்கும் எழுதும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு. கெமிக்கல், எர்த், லைஃப், மேத்ஸ், பிசிக்ஸ் என்று ஐந்தே பிரிவு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி மாமா கையில் கொடுத்திருக்கலாம். எண்ணூர் தம்பிக்கும் சொல்கிறேன்: பாட்டிலைப் பார்த்து மயங்கக் கூடாது. தினமும் நூறு பாட்டில் கழுவ மனசு வருமா என்று பார்த்துவிட்டு மேலே படி.

எண்ணூர்க்காரன்:
அக்கா, 2022லேயே எம்.எஸ்சி. முடித்துவிட்டேன். இப்போது கழுவுவதும் பாட்டில்தான். நான் வழி கேட்கவில்லை. தலையில் துண்டு, நீல ஐஸ் பெட்டி, எர்ணாவூர். அவரை யாருக்காவது தெரியுமா?